மகளின் படிப்பைப் பிள்ளையாரிடம் கேட்ட நாள்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வயது போன பிறகு பழகிய எழுத்து. ‘ஞ’ எழுதும்போது நாக்கும் சேர்ந்து வளைகிறது. நான் தாளில் எழுத, மகள் படம் பிடித்து இந்த வாட்ஸ்அப் குழுவில் போடுகிறாள். எழுத எழுதச் சந்தோஷமாக இருக்கிறது...

வெங்காயம் காயும் மணம் வீடு முழுக்க நின்ற நாட்கள் அவை. எண்பத்தைந்தாம் ஆண்டு. உயர்தரப் பரீட்சை முடிவு வந்திருந்தது. மகள் வசந்திக்கு மருத்துவம் மயிரிழையில் தவறிவிட்டது. இனி இரண்டு வழி. பேராதனையில் பல் வைத்தியம், இல்லையென்றால் யாழ்ப்பாணத்திலேயே சித்த வைத்தியம். விண்ணப்பத்தில் எதை முதலாவதாகப் போடுவது?

அவளுக்குப் பல் வைத்தியத்தில்தான் ஆசை. எனக்கு அவ்வளவு தூரத்துப் பேராதனை என்றாலே பயம். தமிழரைத் தேடி அடித்த கலவரம் நடந்து இரண்டு வருடம்தான். பஸ்ஸில் போன பிள்ளை திரும்பி வந்தால்தான் நிச்சயம்.

“பல்லுப் பிடுங்க உவ்வளவு தூரம் போகோணுமோ? என்ரை ஆணி பிடுங்கிற குறட்டைத் தாறன், சந்தியிலை இருந்து பிடுங்கு.”

“பகிடி விடாதேங்கோ ஐயா. இது என்ரை படிப்பு.”

நாள்தோறும் சண்டை. என் மனைவி நாகம்மா மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் வெங்காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். கடைசியில், பிள்ளையாரிடம் பூக்கட்டிக் கேட்போம் என்று நான்தான் சொன்னேன். துண்டில் எழுதிப் போட்டால் எனக்கு வாசிக்கத் தெரியாது. பூ என்றால் தெரியும். சிவப்பு அலரி வந்தால் பேராதனை. வெள்ளை அலரி வந்தால் யாழ்ப்பாணம்.

நாகம்மா பூக்களைப் பூவரசம் இலைகளில் மடித்து, நாரால் கட்டித் தந்தாள். கோயிலில் ஐயர் இரண்டு பொட்டலத்தையும் சாமியின் காலடியில் வைத்தார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன்.

சிவப்பு.

வசந்தி அழுதாள், சிரித்தாள். சாமியே சொன்ன பிறகு நான் என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்ததும், கோயில் பூவை எறியக்கூடாதே, காதில் வைப்போம் என்று, ஐயர் தந்துவிட்ட மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன்...

அதுவும் சிவப்பு!

“எடியே, இதென்ன வேலை?” என்று மகளைப் பார்த்துக் கத்தினேன். அவளும் திகைத்துப்போய் நின்றாள்.

அடுப்படியிலிருந்து நாகம்மா வந்தாள். “அவளைப் பேசாதேங்கோ. நான்தான் ரெண்டிலையும் சிவப்பு வைச்சனான்.”

அதுவரை என் முன்னால் ஒரு சட்டியைக்கூடச் சத்தமாக வைக்காதவள்!

“சாமியை ஏமாத்தினியோ?”

“அவருக்குச் சொல்லிப்போட்டுத்தான் கட்டினனான். அவர் ஒண்டும் மறுக்கேல்லை. நீங்கள்தான் சாமி சொன்னால் மட்டும் கேக்கிற ஆள்.”

“பிள்ளைக்கு வழியிலை ஏதும் நடந்தால்?”

“நடந்தால் என்ரை தலையிலை.” சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

வசந்தி போனாள். அவள் பஸ் ஏறும் ஒவ்வொரு தடவையும், கடிதம் வரும்வரை நாகம்மாவுக்கு ஒருநேரச் சாப்பாடுதான்.

இப்போது பேத்தி தாதியியல், அதுதான் நர்ஸ் படிப்பு, படிக்கப் போகிறாளாம். போனில் பார்த்து, சோறு சாப்பிட்டு முடிப்பதற்குள் படிக்கும் இடத்தைத் தெரிவு செய்துவிட்டாள். வீட்டில் ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. எனக்கு அதுவும் அதிர்ச்சிதான்...

நேற்று நாகம்மாவைக் கேட்டேன். “அப்ப உனக்குப் பயமில்லையோ?”

“பயமில்லாமலோ? நீங்கள் போகட்டும் எண்டு சொல்லியிருந்தால், நான்தான் மறிச்சிருப்பன். பிள்ளைக்கு மறிக்க ஒராள், விட ஒராள் வேணும்.”

எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. விளக்கமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வருகிற கிழமை எழுதுகிறேன்... அவள் சொன்னால்.