சொல்ல முடியாத விண்ணப்பத்துக்குக் கை தூக்கினேன்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, இதைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். சகோதரிகளும் படிப்பீர்கள். படியுங்கள்.

நான் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். என் மனைவி எஸ்தர் கியா பார்ம் சந்தையிலுள்ள ஒரு ஸ்ட்ராபெரி கடையில் வேலை செய்கிறாள். போன வருடம் மழை பிடித்த சமயம், என் ஆணுறுப்பில் தோலுக்கடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பிறகு விறைக்கும்போது வலித்தது. போகப்போக மேல்நோக்கி வளையவும் ஆரம்பித்தது. பயந்துபோனேன்.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரன். முதலில் புற்றுநோய் என்று நினைத்தேன். அப்புறம் லோரி சீட்டைச் சந்தேகப்பட்டேன். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஒருவனிடம் எண்ணெய் வாங்கித் தேய்த்தேன். எரிச்சல்தான் மிச்சம். அவன் ஏதோ கலந்துவிட்டான் என்று அவனையும் சந்தேகப்பட்டேன். யாராவது செய்வினை வைத்துவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது. விசுவாசி இப்படி நினைக்கலாமா? நினைத்தேன். கடைசியில் ஆண்டவரையே சந்தேகப்பட்டேன்.

எஸ்தரிடம் மூச்சு விடவில்லை. பக்கத்தில் வந்தால் முதுகு வலி என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவள் பேச்சைக் குறைத்தாள். ஒருநாள் என் கைப்பேசியைத் துழாவிக்கொண்டிருந்தாள். இவள் என்ன தேடுகிறாள் என்று அதற்கும் சந்தேகம்.

எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே சொல்ல முடியாத விண்ணப்பம் இருப்பவர்கள் கண்ணை மூடிக் கையை மட்டும் உயர்த்தினால் போதும், போதகர் ஜெபிப்பார். நானும் கை தூக்கினேன். என்னைப் போன்றவனுக்குக் கண் முழுதாக மூடாது. பெண்கள் பக்கம் பார்த்தேன். எஸ்தரும் கை தூக்கியிருந்தாள். அவள் கண்ணும் மூடியிருக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஸ்தரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பினேன். என்னிடம் சொல்லாமல் இவளுக்கு என்ன விண்ணப்பம் என்று எனக்குள் கொதித்தது. வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவளே கேட்டாள்.

“யாரு அவ? டவுன்லயா, நம்ம லைன் வீட்லயா? சொல்லிடுங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுறேன்.”

ஹெல்மெட்டை வாசலிலேயே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தேன்.

“எவளும் இல்ல லா எஸ்தர். எனக்குத்தான் ஒடம்பு சரியில்ல.”

அவள் நம்பவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் காட்டிச் சொன்னேன். கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

அடுத்த வாரமே ஈப்போ மருத்துவமனைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். சிறுநீரியல் மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, இது புற்றுநோய் இல்லை, தொற்றும் இல்லை, உள்ளே தழும்பு மாதிரி இறுகியிருக்கிறது என்றார். நமக்கே தெரியாத சிறு அடியால்கூட வருமாம். வலி பெரும்பாலும் தானாகவே அடங்கும், வளைவு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான், அதுவும் தாம்பத்தியத்துக்குத் தடையாக இருந்தால்தான் அறுவைச் சிகிச்சை என்றார். இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாரே, எதையோ மறைக்கிறாரோ என்று கேட்டதையே திரும்பக் கேட்டேன். எஸ்தர் என் தொடையைக் கிள்ளினாள்.

தழும்பில் ஊசி போட்டார்கள். இழுத்துப் பிடிக்கும் ஒரு கருவியை வீட்டில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பல மாதம் பொறுமையாகச் செய்தேன். வலி போய்விட்டது. வளைவு குறைந்தது, முழுதாக நேராகவில்லை. எங்களுக்கு அது போதும். அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. ஸ்தோத்திரம்.

நான் கேட்டது சுகம். ஆண்டவர் முதலில் அனுப்பியது என் மனைவியின் கேள்வியை. அதுதான் ஜெபத்துக்கு வந்த பதில். இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன வெள்ளிக்கிழமை ஆண்கள் வரிசையில் ஒருவர் சொல்ல முடியாத விண்ணப்பத்துக்குக் கை தூக்கினார். என் கண் இன்னும் முழுதாக மூடுவதில்லை. அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சகோதரரே, உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரியும்.