துணைக்கு ஆளில்லாத பரிசோதனை

ஆம்பூரில் எங்கள் தெருவில் நேர்ந்தது மற்றோர் இல்லத்தில் நேரலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

எதிர்வீட்டு மேரி கணவரை இழந்தவர். காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை செய்தவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்த மலப் பரிசோதனையில் குருதி தென்பட்டதால், குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்க வேலூருக்கு அனுப்பினர். பேதி மருந்து குடித்து, பட்டினியோடு தனியே சென்றார். மயக்க மருந்து தருவதால் துணைக்கு ஆளின்றிச் செய்ய இயலாதென்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டனர். அதனை முன்னரே எவரும் அவரிடம் சொல்லவில்லை.

ஓராண்டு கழித்து, பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி அவர் படுக்கையில் கிடந்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது.

“தோல் கம்பெனில தோலக் கழுவுற மாதிரி வயித்தக் கழுவினதுதான் மிச்சம் சார்,” என்று சிரித்தார்.

“மறுபடி ஏம்மா போகல?”

“துணைக்கு வர்றவங்களுக்கு கம்பெனில யாரு சார் லீவு குடுப்பாங்க?”

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே!”

“பெரியவங்கள இதுக்கு இன்னான்னு சார் கூப்புட்றது?”

அடுத்த மாதம் அவரை அடக்கம் செய்தோம்.

இப்போது சுகாதார நிலையச் செவிலியரிடம் என் எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறேன். துணையற்றவர் எவராயினும் நானே உடன் செல்கிறேன். துணைக்குச் செல்பவருக்கு விடுப்பளிக்கும் தொழிற்சாலை எங்கள் பகுதியில் ஒன்றுகூட இல்லை என்று எழுதுகிறேன். அது பிழையாயின் வாசகர்கள் திருத்துக. பிழையாக இருக்க வேண்டுமென்றே விரும்புகிறேன்.