லாசாலில் அடிப்பிடித்த பால்

2008 பெப்ரவரி, வியாழன், காலை ஒன்பதரை. ரொறன்ரோ பஸ் நிலையத்தில் இரண்டு ரிக்கெற் வாங்கினேன். எனக்குப் போகவர ஒன்று. தம்பி ரூபனுக்கு வர மட்டும் ஒன்று, ஐம்பத்தெட்டு டொலர். அவனை மொன்றியலில் இருந்து கையோடு கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன். இடம் பார்க்க இல்லை. பெப்ரவரியில் மொன்றியலுக்கு இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு மண்டையில் ஏதோ பிசகு.

ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் விடுமுறைக்கா போகிறாய் என்று கேட்டார். சண்டைக்கு என்றேன். அதன் பிறகு மனிசன் கிங்ஸ்ரன் வரை ஜன்னலைத்தான் பார்த்தார்.

சண்டை என்னவென்றால், ரூபன் மொன்றியல் பக்கம் புவாண்ட்-கிளேரில் செய்துகொண்டிருந்த நல்ல கிடங்கு வேலையை விட்டுவிட்டு, மேப்பிள் பாகைப் புளிக்கவைத்துச் சாராயம் வடிக்கப் போகிறேன் என்று மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு பழைய கராஜை வாடகைக்கு எடுத்திருந்தான். களவாக இல்லை, அரசாங்க அனுமதியோடு. அந்த அனுமதிதான் அவனைத் தின்றது. இடம் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். கொதிகலனைப் பொருத்தினால்தான் பரிசோதிக்க வருவார்கள். பரிசோதனை சரி என்றால்தான் அனுமதி. அதுவரை ஒரு சொட்டும் வடிக்கக்கூடாது. வாடகைக்கு மட்டும் அனுமதி தேவையில்லை, அது முதல் நாளே தொடங்கிவிட்டது. மாதம் ஆயிரத்து நூறு. எட்டு மாதமாகக் கட்டினான், இனி ஒரு மாதத்துக்குத்தான் கையில் இருந்தது.

என் கணவர் தன் தொழிற்சாலையில் அவனுக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். “திங்கள் வந்து நிக்கவேணும். ஆரும் கேட்டால் தம்பி பிஸ்னஸ் செய்தவன் எண்டு மட்டும் சொல்லு. மற்றச் சொல்லு வாயில வரக்கூடாது” என்று சொல்லி அனுப்பினார். இவர் சொல்கிறார். எங்கள் வீட்டு அலுமாரியில் ஆறு விஸ்கிப் போத்தல் நிற்கிறது. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வருகிற ஆம்பிளைகள் கேக் வெட்டுமுன்னமே நிலக்கீழ் அறைக்கு இறங்கிவிடுவார்கள். குடிக்கலாம், காய்ச்சினால்தான் மானம் போகும்.

மாலை ஐந்து மணிக்கு மொன்றியல். இரண்டே முக்கால் டொலருக்கு மெற்றோ, பச்சைக்கோட்டில் கடைசித் தரிப்பு, பிறகு பஸ். கராஜ் வாசலில் ரூபன் பனி அள்ளிக்கொண்டு நின்றான். நன்றாக மெலிந்துபோயிருந்தான்.

“உள்ளுக்க வாங்கோ அக்கா. நாளைக்குப் பரிசோதனை. பேந்து எல்லாம் சரி.”

ரிக்கெற்றைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். “நாளைக்கு முடியட்டும்” என்றான்.

வெள்ளி, காலை பத்து மணி. பரிசோதிக்க வந்த பெண் கண்ணாடி போட்ட, அமைதியான மனிசி. பொன்ஜூர் சொல்லி, சப்பாத்துப் பனியைத் தட்டி, கதவு, தண்ணீர்க் குழாய், தீயணைப்பான் எல்லாம் பார்த்தாள். எல்லாம் சரி. பிறகு செப்புக் கொதிகலனின் மூடியைத் திறந்து ரோச் அடித்தாள். அடியில் கருப்பும் மண்ணிறமுமாக ஒரு தடித்த பொருக்கு. புளித்த நாற்றம் மூக்கில் அடித்தது.

“இதில் காய்ச்சியிருக்கிறீர்கள்” என்றாள் ஆங்கிலத்தில்.

“கழுவினனான்” என்றான் ரூபன் பிரெஞ்சில்.

ரூபனின் மனைவி ஜெசிந்தா என் கையைப் பிடித்தாள். அவள் மன்னார்ப் பிள்ளை, கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து நித்திரையில்லாமல் வந்து நின்றாள். “பால் மச்சாள்” என்று குசுகுசுத்தாள். “பாதர் வந்து இடத்தை மந்திரிச்ச அண்டைக்கு, வந்த இருபது சனத்துக்கும் நாலு பை பால் காய்ச்சினனாங்கள். இஞ்ச அடுப்பு வேற இல்லை. பொங்கவும் இல்லை, அடிப்பிடிச்சதுதான் மிச்சம். கீறல் விழும் எண்டு இவர் சுரண்ட விடேல்லை.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருபது சனத்தைக் கூப்பிட்டு, சாராயக் கொதிகலனில் நாலு பை பாலை ஊற்றியிருக்கிறார்கள். அதைவிடக் கோபம், அவன் அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொன்னது. முன்னுக்குப் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: அது பால். புது வீடு, புதுக் கடை எதுவென்றாலும் எங்கள் ஆட்கள் முதலில் பால்தான் காய்ச்சுவார்கள். பொங்கினால் நல்லது.

“சாராயக் கொதிகலனிலா?” என்றாள்.

“விசர் வேலைதான்” என்றேன். “ஆனால் பால் காய்ச்சுவது உங்கள் சட்டத்தில் குற்றமா?”

அவள் சிரிக்கவில்லை. பொருக்கைப் பேனையால் தட்டி முகர்ந்து பார்த்தாள். செவ்வாய் திரும்பி வருவேன், அடிச் செம்பு தெரிய வேண்டும் என்றாள். ஒரு புள்ளி கிடந்தாலும் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டிவரும், அது மாதக்கணக்கில் இழுக்கும். மெர்சி சொல்லிவிட்டுப் போனாள்.

ரூபன் கவிழ்த்த வாளியில் குந்தினான். பிறகு கேட்டான்: “ஞாயிறு எத்தினை மணிக்கு பஸ்?”

இதைக் கேட்கத்தான் வந்தேன். கேட்டதும் பத்திக்கொண்டு வந்தது. எட்டு மாதம் வெறும் கராஜுக்கு வாடகை கட்டினவன், கடைசியில் பாலுக்குத் தோற்றுப்போவதா?

“நீ எங்க வாறாய்? எழும்பு. உது செப்புப் பானை. அம்மா செப்புக்குடம் என்னத்தால மினுக்கினவ?”

“புளியால.”

“அப்ப போய் வாங்கிக்கொண்டு வா.”

கோட்-டெ-நெய்ஜில் தமிழ்க்கடை ஒன்று உண்டு. புளி ஒரு கட்டி இரண்டு டொலர், பன்னிரண்டு கட்டி வாங்கி வந்தான். உப்பு, டெப்பனர் என்கிற பக்கத்து மூலைக்கடையில். சனி முழுக்க, கொதிகலனுக்குள் மாறிமாறித் தலையை விட்டு மூவரும் தேய்த்தோம். கொதிகலனுக்குள் இருந்தபடியே நான் ஏசினேன். ரூபனை, பாதரை, அரசாங்கத்தை, என் மனிசனை, ஒருவரையும் விடவில்லை. ஜெசிந்தா ஓம் மச்சாள், ஓம் மச்சாள் என்று புளி கரைத்தாள். இருட்டுகிறபோது அடியில் என் முகம் சிவப்பாகத் தெரிந்தது.

ஞாயிறு, மத்தியானம். பஸ் நிலையத்தில் ரூபனின் ரிக்கெற்றைத் திருப்பிக் கொடுத்தேன். காசு தரமாட்டோம் என்றார்கள். அதற்கும் ஒரு வாக்குவாதம்.

“செவ்வாயும் அவ சரிவராது எண்டால்?” என்றான் வழியனுப்ப வந்த ரூபன்.

“எனக்குப் போன் அடி. வந்து தேய்க்கிறன்.”

வழியெல்லாம் அதே பனி. விரல் இடுக்கு புளியில் எரிந்துகொண்டே வந்தது. ரொறன்ரோவில் பனி குறைவு, ரோட்டும் துப்புரவு. பஸ் நிலைய வாசலில் இவர் நின்றார், பக்கத்தில் ஆரையோ ஏற்ற வந்த, எங்களுக்குத் தெரிந்த இரண்டு தமிழ்க் குடும்பம். இவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“எங்க அவன்?”

“அவனுக்கு அங்க வேலை இருக்கு.”

இவர் அந்தக் குடும்பங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, “பிஸ்னஸ்” என்றார்.

“சாராயம் காய்ச்சிற வேலை” என்றேன், எல்லாருக்கும் கேட்க.