தேதிக் கட்டத்தில் பிறை

திண்டுக்கல்லில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனி. எங்களுக்குச் சோறு போடுவது கல்யாண மண்டபங்களுக்கான பதிவு மென்பொருள். யாரோ எந்தக் காலத்திலோ எழுதிவைத்துவிட்டுப் போனது. அது எழுதப்பட்ட கணினி மொழிக்குத் தங்கமான குணம். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். எண் கேட்ட இடத்தில் கதை சொன்னாலும் முகம் சுளிக்காது. முன்கூட்டி அறிவிக்காத மாறிகள்கூட, அதாவது வேரியபிள்கள்கூட, எந்த வீட்டு ஆள் என்று யாரும் கேட்காத பந்தியில் உட்காருவதைப் போல, தன்பாட்டுக்கு உள்ளே வந்து இலை போட்டுக்கொள்ளும்.

எங்கள் முதலாளி பெங்களூருவில் ஏதோ தொழில்நுட்பக் கூட்டத்துக்குப் போனார். திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார்.

"பாய், இனிமே நம்ம கோடுல டைப் சொல்லாம ஒரு வேரியபிள் இருக்கக் கூடாது. எண்ணுன்னா எண்ணு, தேதின்னா தேதி. ஸ்ட்ரிக்ட்டா போறோம்."

இதைச் சொன்னவர் "செத்த நேரத்துல வாரேன்" என்று போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருவார். அந்தச் செத்த நேரம் எந்த வகை என்று இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

வேலை என் தலையில் விழுந்தது. நியாயமாகச் சொன்னால், எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. பழைய நிரல் செய்துவைத்திருந்த கூத்து கொஞ்சமல்ல. இலை எண்ணிக்கைக் கட்டத்தில் ஒருவர் "சுமார் ஐநூறு" என்று எழுத, நிரல் அதைக் கமுக்கமாகப் பூஜ்யமாக்கிச் சமையல்காரருக்குச் சீட்டு அடித்துக் கொடுத்திருக்கிறது. போன் நம்பர் கட்டத்தில் "மாமா நம்பர்தான்" என்று இருந்தது. ஒவ்வொரு மாறியின் தலையிலும் அதன் வகையை எழுதினேன். எழுத எழுத, ஊரையே திருத்துகிற கர்வம் வந்தது. புதிய பதிப்பைப் போட்ட அன்று, ஒரு மண்டபத்து மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க மிஷினு எம்மேல சந்தேகப்படுது. எதத் தட்டுனாலும் செவப்பாக் காட்டுது."

"சரியாத் தட்டுனா காட்டாதுண்ணே" என்றேன். அப்படிச் சொல்வதில் ஒரு சுகம் இருந்தது.

அந்த மண்டபத்தில்தான் என் தங்கையின் நிக்காஹ் வைப்பதாக இருந்தோம். மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை. பெருநாளை ஒட்டிக் கொஞ்ச நாள்தான் லீவு, அதனால் பெருநாளைக்கு மறுநாள் என்று முடிவாயிற்று. பத்திரிகையிலும் "பெருநாளைக்கு மறுநாள், பிறைக்கேற்ப" என்றே அச்சடித்தோம். எங்கள் ஜனத்துக்கு இது புரியும். எங்களைப் பெற்ற அத்தா போய் மண்டபத்தைப் பதிந்துவிட்டு வந்தார். "பிறை பார்த்துன்னு சொல்லிட்டேன், அவருக்குத் தெரியும்" என்றார்.

மேனேஜருக்குத் தெரியும்தான். பழைய நிரலில் இப்படிப்பட்ட பதிவுகளுக்கு அவர் தேதிக் கட்டத்தில் "பிறை பார்த்து" என்று தட்டுவார். நிரலுக்கு ஒன்றும் புரியாமல் அந்தப் பதிவைத் தூக்கிப் பட்டியலின் தலைமேல் வைக்கும். தினமும் காலையில் அதைப் பார்க்கிறவர், பிறை தெரிந்தால் ஒரு நாள், தள்ளிப்போனால் அதற்கு மறுநாள் என்று இரண்டு நாளையும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார். இந்த முறை பிறை என்றதும் சிவப்பு வந்தது. ரம்ஜான் என்றார், சிவப்பு. கடைசியில் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துப் பெருநாளுக்கு அடுத்த தேதியைத் தட்டினார். சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

"பாத்தீங்களா பாய், டேட்டா எம்புட்டுச் சுத்தமாயிருச்சு!" என்றார் முதலாளி. சுத்தமான சந்தோஷத்தில், யாரும் போனிலேயே மண்டபம் பதியலாம் என்று திறந்தும் விட்டார். ஒரு நாளைக்கு ஒரு விழா என்று விதியும் போட்டார்.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்துவிட்டு மொட்டை மாடியில் நின்றோம். மேற்கே மலைப்பக்கம் மேகம். எங்கும் பிறை தென்படவில்லை என்று அறிவிப்பும் வந்தது. பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போனது. அதாவது, மண்டபம் எங்கள் பெயரில் இருந்தது பெருநாள் அன்றைக்கே. அன்றைக்குச் சமையல்காரர் வரமாட்டார், சொந்தபந்தம் வராது, நிக்காஹ் ஓதிவைக்கிற ஹஜ்ரத்தும் வரமாட்டார். மறுநாளோ, சேவுகம்பட்டிக்காரர் ஒருவர் தன் வீட்டுக் காதுகுத்துக்குப் போனிலேயே பதிந்திருந்தார். அதற்கடுத்த நாள் மாப்பிள்ளைக்கு விமானம்.

"நாந்தான் பச்சையாக் காட்டுதேன்னு நம்பிட்டேன் தம்பி" என்றார் மேனேஜர்.

தங்கை மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை. "நீ எழுதுன புரோகிராம்தானண்ணே அது?" என்று கேட்டாள். முதலாளிக்குப் போன் போட்டேன். "சிஸ்டம் கரெக்டாத்தான் இருக்கு பாய், கொடுத்த தேதி தப்பு" என்றார். போனைச் சுவரில் அடிக்கத் தோன்றியது.

காலையில் நானும் அத்தாவும் சேவுகம்பட்டிக்குப் போனோம். மண்டபம் பதிந்திருந்தவர் காது குத்தப்போகிற பிள்ளையின் தாய்மாமன்; வெங்காயத்தை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். அத்தா முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை.

"அட, இதுக்கா இம்புட்டு வெசனம்? காலைல காது குத்திப்புட்டு, மத்தியானம் பந்தியோட நாங்க கெளம்பிருவோம். சாயங்காலம் நீங்க வச்சுக்கங்க. கட்டுன வாழமரம் அப்படியே நிக்கட்டும், ஒங்க பிள்ளைக்கும் ஆகும்."

மேனேஜர் அதை நிரலில் ஏற்றப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஒரு விழா; சிவப்பு. "கெடக்குது போ" என்று கணினியை அணைத்துவிட்டு நாற்காலி போடப் போனார்.

வாழைமரத்தடியில் நிக்காஹ் நடந்தது. தாய்மாமன் குடும்பத்தோடு பிரியாணிக்கு நின்றார். முதலாளியும் வந்தார், செத்த நேரத்தில் வருவதாகச் சொல்லி எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு.

அடுத்த வாரம் அவர் மண்டபப் பதிவுகளின் அறிக்கையைத் திரையில் காட்டினார். பிழை ஒன்றுகூட இல்லை. அதில் பெருநாள் அன்றைக்கு, பூட்டிக் கிடந்த மண்டபத்தில், என் தங்கைக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது.