மைக்கைத் தொடாத ஜெயந்தினி

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஜெயந்தினியின் வாயைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. தேயிலைச் செடிகளின் மேல் நிரையில் அவள் பேச ஆரம்பித்தால், கீழ் நிரையில் கொழுந்து எடுப்பவர்களுக்குப் பொழுது போவதே தெரியாது. அதட்ட வரும் கங்காணிக்கும் ஒரு கதை தயாராக இருக்கும். கொழும்பில் வேலை செய்யும் புருஷன் சுதாகரனுக்கோ, போனில் "ஹலோ" சொல்ல மட்டும்தான் இடம் கிடைக்கும்.

அப்பேர்ப்பட்ட வாய்க்குத்தான் இந்த வருடத் திருவிழாவில் பூட்டுப் போட்டார்கள்!

ஜெயந்தினி தப்புப் பறை அடிப்பவள். அவளோடு இன்னும் நான்கு பெண்கள். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் பின்புறம் நின்று பழகினார்கள். "பொம்பளைங்க தப்பு அடிக்கிறதா?" என்று சிரித்தவர்களை எல்லாம் தாண்டி, மூன்று வருடம் கெஞ்சி, முதன்முறையாக மாரியம்மன் திருவிழா மேடையில் இடம் வாங்கினார்கள்.

அந்த மேடைக்குச் சிவப்புச் சட்டை தைத்துக் கொடுத்தவள் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் அசீசா. அளவு கொடுக்கப் போன அன்று அசீசா தன் போனை நீட்டினாள்.

"இங்க பாரு புள்ள, ஒன்னப் போல ஒருத்தி. காஸாவில."

இடிந்து கிடக்கும் வீடுகள். கூடாரங்கள். நடுவில் ஒரு பெண், எண்ணெய்க் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் அடிக்கிறாள். சுற்றிலும் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். ஜெயந்தினியின் விரல்கள் தாமாகவே மேசையில் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டன. கண்ணீர் சொட்டுச் சொட்டாக அளவு நாடாவில் விழுந்தது. ஆட்டோவில் தன் லயத்து வீட்டு வரிசைக்கு வந்து சேரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துபோன ஆட்டோக்காரன், "அக்கா, காய்ச்சலா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

மறுநாள் கோயில் தலைவர் பழனியாண்டியின் வாசலில் நின்றாள்.

"தலைவரே, தப்பு அடிக்கிறதுக்கு முன்னாடி காஸா சனங்களுக்காக ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்."

"ஒனக்கு ரெண்டு வார்த்தைன்னா விடிஞ்சு பெரட்டுல வேலைக்குப் பேர் குடுக்கிற நேரம் வந்துரும்."

"வெளிநாட்டுல எத்தன பாட்டுக்காரங்க மேடையிலயே பேசுறாங்க! நாங்களும் வாத்தியக்காரங்கதானே?"

"இது சாமி மேடை. மைக்கைத் தொட்டியோ, அடுத்த வருசம் பொம்பளத் தப்பே கெடையாது. சொல்லிட்டேன்!"

மற்ற நான்கு பெண்களின் மூன்று வருடக் கனவை, தன் ஒரு வாய்க்காக அவள் உடைப்பாளா? "மாரியாத்தா மேல சத்தியம். மைக்கைத் தொடமாட்டேன்" என்றாள்.

திருவிழா மாலை. அசீசாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து பெண்களும் சிவப்புச் சட்டையில் மேடையேறினார்கள். ஜெயந்தினி மைக்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஐவரும் தப்பைக் கழற்றி, தரையில் குப்புறக் கவிழ்த்துவிட்டுக் கைகட்டி நின்றார்கள்.

கூட்டம் திடுக்கிட்டது. அந்தத் தோட்டத்தில் தப்பைக் கவிழ்த்தால் ஒரே அர்த்தம்தான்: சாவுச் செய்தி வந்திருக்கிறது. இன்னார் போய்விட்டார் என்று சொல்லும்வரை தப்பு நிமிராது.

"யாரு? யாரு போனது?"

நான்கு நாளாகக் காய்ச்சலில் கிடக்கும் மூக்கனின் ஞாபகம் எல்லாருக்கும் ஒன்றாக வந்தது. எல்லாரும் அவருடைய மனைவி காளியாயியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை போதாதா? எந்தச் சாவு வீட்டிலும் ஒப்பாரிக்கு முதல் ஆளாகக் கூப்பிடப்படுபவள் அவள். "எஞ்சாமி, என்னைய விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு தொடங்கினாள்.

சத்தம் கேட்டு, பக்கத்து லயத்திலிருந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூக்கன் வந்து சேர்ந்தார்.

"என்னடி சத்தம்? யாரு செத்தது?"

"நீங்கதான்!" என்றாள் காளியாயி, அழுகையை நிறுத்தாமல்.

பழனியாண்டி மேடைக்குப் பாய்ந்தார். "யாருன்னு சொல்லித் தொலையேன், ஜெயந்தினி!"

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சத்தியம் பண்ணியிருக்கேன் தலைவரே. நீங்களே புடிங்க."

வேறு வழி? தலைவரே மைக்கை அவள் வாயருகே பிடித்தார்.

"காஸாவுல," என்றாள். குரல் உடைந்தது. "அங்க ஒருத்தி புள்ளைகளுக்குக் கேனுல தாளம் அடிச்சுக் காட்டுறா. அந்தப் புள்ளைகள்ல எது இன்னைக்கு உசுரோட இருக்கோ, தெரியல. செத்ததுங்க பேரு ஒண்ணும் எனக்குத் தெரியாது. அதான் தப்பைக் கவுத்தோம். குண்டு போடுறத நிறுத்துங்கன்னு நாங்களும் சொல்றோம்."

அவ்வளவுதான். ஜெயந்தினி இவ்வளவு சுருக்கமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. இன்னும் வரும் என்று கூட்டம் காத்திருந்தது. முன்வரிசையில் அசீசா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் காளியாயி மறுபடி தொடங்கினாள். "மொகம் பாக்காத மக்களே... பசியோட போன செல்வங்களே..."

பெண்கள் ஒவ்வொருவராக அவளோடு சேர்ந்துகொண்டார்கள். பழனியாண்டி மைக்கை அதன் வயரோடு சேர்த்து இழுத்துக்கொண்டார். பிறகு மேடையை விட்டு இறங்கிப் போய், அதைக் காளியாயியின் முன்னால் பிடித்தார்.

"எனக்கு அழுததைவிட இதுக்கு நல்லா அழுவுறா," என்றார் மூக்கன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஒப்பாரி ஓய்ந்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார். "தப்பை நிமித்துங்கம்மா. அடிங்க."

"அப்ப... அடுத்த வருசம் தலைவரே?" என்றாள் ஜெயந்தினி. அவள் கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

"ஏன், அப்பவும் நாந்தான் மைக் புடிக்கணுமா?" என்றார் பழனியாண்டி.