சுரண்டாமல் போட்ட ரோடு

கடைசி சில வருஷங்களாக என் மாவு மில்லுக்கு வந்தவர்கள் எல்லாரும் குனிந்து இறங்கித்தான் வந்தார்கள். ஆரம்பத்தில் அவர்கள் ஏறி வந்தவர்கள். மிளகாய்த் தூக்கை ஒரு கையிலும் புடவைக் கொசுவத்தை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ உயரமாவா படி கட்டுவாங்க?" என்று என்னைத் திட்டிக்கொண்டே ஏறுவார்கள். நான் படியை இடிக்கவில்லை. கடையைத் தோண்டிக் கீழே இறக்கவுமில்லை. கடை இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தது. ரோடுதான் வளர்ந்தது.

தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு கடைத்தெரு எங்களுடையது. மருந்துக்கடை, பேக்கரி, மொபைல் கடை, காய்கறிக்கடை, ஹார்டுவேர்ஸ், நடுவில் என் மில். பின்னால் இருக்கிற காலனிகளின் சாம்பார்ப் பொடியும் சத்துமாவும் என் கையால்தான் அரைபட்டன. எந்த வீட்டில் காரம் அதிகம், எந்த வீட்டில் டாக்டர் காரத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

எங்கள் தெருவுக்குப் புது ரோடு போடுவதென்றால், பழைய ரோட்டின் தலையிலேயே போடுவார்கள். தோசை மேல் தோசை அடுக்குகிற மாதிரி. அடியில் இருப்பதை யாரும் எடுத்ததில்லை. இதற்குப் பெயர் வளர்ச்சி. வளர்ச்சிதான், உயரத்தில்.

இதில் என் ஆத்திரமெல்லாம் ரோடு போடுகிறவர்கள் மேல் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ரோடு வரப்போகிறது என்று காதில் விழுந்த உடனே தெருவில் கொத்தனாருக்குக் கிராக்கி வந்துவிடும். ஆளாளுக்குத் தங்கள் கடைத் தரையை இடிபாட்டு ரப்பிஷ் கொட்டி ஏற்றி, மேலே பளபளவென்று டைல்ஸ் ஒட்டிக்கொள்வார்கள். காலனிக்குள் வசதி உள்ளவர்கள் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். மழை வந்தால் மருந்துக்கடைத் தண்ணீர் பேக்கரிக்கு, பேக்கரித் தண்ணீர் காய்கறிக்கடைக்கு என்று தள்ளித் தள்ளி, ஏற்றிக்கொள்ள முடியாதவர் கடையில் வந்து நிற்கும். அந்த முடியாதவள் நான்.

ஏன் முடியாது? என் மெஷின் தரையோடு சேர்த்துப் போட்ட கான்கிரீட் மேடையில் உட்கார்ந்திருந்தது. மேடையை ஏற்றினால் தானியம் கொட்டுகிற வாய் ஷீட் கூரையில் முட்டும். கூரையையும் ஏற்ற வேண்டும் என்றால் கடையை வாடகைக்கு விட்டிருக்கிற கட்டடக்காரர் மனசு வைக்க வேண்டும். அவர் இந்த ஊரின் பழைய குடும்பம். கடைகள் நிற்கிற இடமெல்லாம் ஒருகாலத்தில் அவர்கள் நெல் விளைந்த நிலம். நான் போய்க் கேட்டபோது வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "கூரையப் பிரிச்சா இன்னும் இன்னா இன்னா பேஜாரு வருமோ. மய வந்தா வாசல்ல ரெண்டு மூட்ட மண்ணப் போட்டுக்கோம்மா, எல்லாம் சரியா பூடும்." மண்மூட்டை வாங்கிக்கொள்கிற புத்திகூட எனக்கு இல்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

போன வருஷம் மறுபடி ரோடு வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. இன்னொரு அடுக்கு ஏறினால் என் மோட்டார் ரோட்டுக்குக் கீழே போய்விடும். மூன்று ஃபேஸ் கரண்ட் ஓடுகிற இடத்தில் தண்ணீர் நின்றால் மில்லை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் ஒருநாள் மதியம் கடையைச் சாத்திவிட்டு நேரே ரோடு போடுகிற நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். சண்டைக்குத் தயாராகவே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகக் கேட்க வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் அங்கிருந்த இன்ஜினியர் ஒரே வார்த்தையில் என் சண்டையைக் கெடுத்துவிட்டார்.

"பழைய லேயரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் மேடம் போடணும். இந்த வொர்க்லயே அது இருக்கு. மெஷின் வரும். உங்க ரோடு இப்ப இருக்கறதைவிட ஏறாது, கொஞ்சம் இறங்கக்கூடச் செய்யும்."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி, வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் இந்தச் செய்தியைச் சொன்னேன். சங்கத்தின் செயலாளர் மொபைல் கடைக்காரர். நல்லதுக்கும் கெட்டதுக்கும் வாட்ஸ்அப்பில் கைகூப்புகிற படம் அனுப்புகிறவர். அவர் போனை எடுத்துப் பார்த்தார். பேக்கரிக்காரர் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். காய்கறிக்கடை அக்கா என்னைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்தாள். கடைசியில் செயலாளர், "சரிங்கக்கா, பாத்துக்கலாம்" என்றார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நான் நினைத்தேன். எல்லாருக்கும் டீ சொன்னவளும் நான்தான்.

ரோடு போடுகிற ஞாயிற்றுக்கிழமை காலை, தார் வாசனை அடித்ததும் வாசலுக்கு ஓடினேன். தெருமுனையில் சுரண்டுகிற மெஷின் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டி வந்து பழைய ரோட்டின் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசரைப் பிடித்து, "ஏன் சார் சுரண்டல?" என்றேன்.

"எனக்கு இன்னாக்கா? சுரண்டறதுக்குத்தான் மெஷினே இட்டாந்து நிறுத்திகீறேன். உங்க கடைக்காரங்கதான் மேல போய்ப் பேசி வேணான்னுட்டாங்க. போய் அவங்களக் கேளு."

கேட்டேன். தெருவே கேட்கிற மாதிரி கேட்டேன். செயலாளர் கடையிலிருந்து இறங்காமல், புதிதாக ஒட்டிய டைல்ஸ் மேல் நின்றபடியே பதில் சொன்னார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. ரோடு இந்த உயரம் வரும்னு எல்லாரும் முன்னாடியே கடைய ஏத்திட்டோம். இப்போ சுரண்டி எறக்கினா எங்க கடையெல்லாம் அந்தரத்துல நிக்கும். கஸ்டமர் எப்படிக்கா ஏறுவாங்க?"

"டைல்ஸ் போட்ட காசெல்லாம் வீணா பூடும்ல" என்றாள் காய்கறிக்கடை அக்கா.

தண்ணீருக்குப் பயந்து கடையை ஏற்றினார்களாம். கடையை ஏற்றிவிட்டதால் ரோட்டையும் ஏற்றச் சொன்னார்களாம். அடுத்த ரோடு வரும்போது இதே டைல்ஸை இதே ஆட்கள் உடைக்கப்போகிறார்கள். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு முறை ரோடு இறங்கி வரவிருந்தது. வந்த லட்சுமியை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து ரோட்டின் நடுவே போட்டு உட்கார்ந்தேன். வண்டிகள் நின்றன. ஹாரன் அடித்தார்கள். காலனியிலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஒரு சார், என்னிடம் மாதாமாதம் கோதுமை அரைக்கிறவர்தான், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே, "ஏரியா டெவலப் ஆகறப்ப இப்படித் தடுக்கலாமா மேடம்?" என்றார். போன கோடையில்தான் அவர் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தார்கள். தூக்கிய வீட்டிலிருந்து பார்த்தால் எல்லாமே டெவலப் ஆகிறமாதிரிதான் தெரியும். அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன்.

என்னை எழுப்பியது அவரும் இல்லை, சங்கமும் இல்லை. தார் வாரிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். "தார் ஆறிட்டா திரும்ப நாங்கதான் கெல்லி எடுக்கணும்மா" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்குள் இறங்கினேன். சாயங்காலத்துக்குள் ரோடு என் ஜன்னலின் அடிப்பாகத்துக்கு வந்துவிட்டது. செயலாளர் குரூப்பில் கைகூப்புகிற படம் அனுப்பியிருந்தார்.

ஐப்பசி மழை சொல்லிவைத்த மாதிரி வந்தது. மண்மூட்டை அடுக்கினேன், பலகை வைத்து மறித்தேன், வாளியால் இறைத்து இறைத்துத் தோள் கழன்றது. இரண்டாவது நாள் காலை மெயின் சுவிட்சை அணைக்கலாம் என்று தண்ணீரில் கால் வைத்தேன். பாதத்திலிருந்து இடுப்பு வரை சுரீரென்று ஏறியது. எப்படி வெளியே வந்து விழுந்தேன் என்று தெரியாது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கம்பெனி வேலைக்குக் கிளம்பித் தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்ற என் வீட்டுக்காரர் ஓடிவந்து, போஸ்ட்டிலேயே லைனைத் துண்டிக்கச் சொல்லி ஆள் பிடித்தார். என்னைத் திட்டவில்லை. "போதும்மா" என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மில் அன்றைக்கு நின்றதுதான்.

தண்ணீர் வடிந்த பிறகு துருவேறிய மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யாராவது வாங்குவார்களா என்று பார்க்க வேண்டியிருந்தது. கட்டடக்காரரும் செயலாளரும் ஒன்றாக வந்து ரோட்டிலேயே நின்றார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள் என நினைத்து எழுந்தேன்.

"அக்கா, இந்த மழையில எங்க கடைங்க வாசல்லயும் கொஞ்சம் தண்ணி நின்னுடுச்சு" என்றார் செயலாளர். "அதான் சங்கத்துல பேசினோம். தெருவுலயே உங்க கடைதான் பள்ளம். இங்க ஒரு பெரிய தொட்டி மாதிரி கட்டிட்டா எல்லா கடைத் தண்ணியும் இங்க வந்துடும். மோட்டார் வெச்சுப் பின்பக்கம் கால்வாய்க்குத் தள்ளிடலாம்."

"சங்கமே வாடக குடுத்துடறேன்னுச்சு" என்றார் கட்டடக்காரர். "நீ எப்போம்மா காலி பண்ணுவ?"

நான் செயலாளரைத்தான் பார்த்தேன். "பள்ளம் தானா வந்துச்சாப்பா?" என்றேன்.

அவர் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. பிறகு, "விடுங்கக்கா, ஊர் நல்லதுக்குத்தானே" என்றார்.

அந்த ஊருக்குள் நானும் ஒருத்தி என்றுதான் இத்தனை வருஷமும் மிளகாய் நெடியில் தும்மித் தும்மி அரைத்துக்கொண்டிருந்தேன்.