பாறைப் பல்லியின் வால்

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுச் சுவரில் ஓடிய பல்லிகளை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. ராத்தா இறக்காமத்துப் பாறையொன்றிலிருந்து பிடித்துவந்தது வேறு சாதி. ராத்தா என் மூத்த சகோதரி; ஒலுவில் கெம்பஸில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எட்டு வயது.

விரல் நீளம்கூட இல்லாத மண்நிறப் பல்லி அது. பகலில்தான் நடமாடும். சுவர்ப்பல்லிக்குக் கண்மணி கீறல்போல் இருக்கும், இதற்கு வட்டம். பாதத்தில் ஒட்டும் பட்டை கிடையாது, மெல்லிய நகங்கள் மட்டும். ஊரில் யாரும் அதற்குப் பெயர் வைத்திருக்கவில்லை. இமை இல்லாததால் தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொண்டது.

அளந்து படமெடுத்துவிட்டு மறுநாளே விடுவதாக இருந்தாள். அதற்குள் நான் அதை வைத்திருந்த பெட்டியைத் திறந்து பிடிக்கப்போக, வால் கையோடு வந்துவிட்டது. பல்லி மூலையில் ஒடுங்கிக் கிடக்க, வால் மட்டும் என் உள்ளங்கையில் துள்ளியது. நான் போட்ட கூச்சலில் ராத்தா ஓடிவந்தாள்.

“அழாத. ரெண்டு மாசத்தில திரும்ப முளைக்கும். அது வரைக்கும் வெச்சிரிப்பம்.”

அது உம்மா எங்களோடு இருந்த கடைசி வருசம். கொழும்பில் ஒப்பரேசன் முடிந்து வந்திருந்தார். மார்பில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உடுப்பு மாற்றும்போது நானே கண்டேன்.

இரண்டு கிழமையில் வால் இருந்த இடத்தில் கருப்பாக ஒரு மொட்டு எட்டிப்பார்த்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உம்மாவின் கட்டிலுக்கு ஓடினேன்.

“உம்மா, இதுக்கு முளைக்குது பாருங்க. உங்களுக்கும் முளைக்கும்.”

உம்மா பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எத்தின நாளாகுமாம் மகள்?”

“ரெண்டு மாசம் எண்டு ராத்தா சென்னா.”

“அப்ப பெருநாளைக்கு முந்தி,” என்று சிரித்தார். கதவடியில் நின்ற ராத்தா சிரிக்கவில்லை. உம்மா அவளிடம் கேட்டார்: “அதே வாலா முளைக்கும்?”

ராத்தாவுக்குப் பொய் வராது. “இல்ல உம்மா. உள்ளுக்கு எலும்பு இரிக்காது. நிறமும் வேற. வால்லதான் கொழுப்பச் சேத்து வெச்சிரிக்கும். அது போனா முட்டைக்கும் சத்துப் போதாது...” பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“உசிரோட இரிக்கிதே. அதுட இடத்திலேயே கொண்டுபோய் உடு. நானும் வாறன்.”

மறுநாள் காலை மூவரும் ஓட்டோவில் போனோம். உம்மா தன் கையாலேயே பெட்டியைச் சரித்தார். பல்லி வெயில் பட்ட பாறையில் ஒரு கணம் நின்று, வெடிப்புக்குள் நழுவியது.

திரும்பும் முன், மரநிழலில் என்னை இருத்தித் தலைமுடியை அவிழ்த்தார் உம்மா. “இப்ப நீ பின்னு, நான் பாக்கன்,” என்றார் ராத்தாவிடம். “இழுக்காத. அவளுக்கு உச்சி நோகும்.” சரியில்லை என்று மூன்று தரம் அவிழ்த்துப் பின்னவைத்தார்.

ஒப்பரேசன் செய்த பக்கத்துக் கையை உயர்த்த ஏலாததால்தான் இந்த ஏற்பாடு, கை சுகமானால் பழையபடி உம்மாவே பின்னுவார் என்று நினைத்தேன். அதனால், மூன்றாம் தரம் முடியுமுன்பே ராத்தாவின் கையைத் தட்டிவிட்டு எழுந்து ஓடினேன்.